குரல் மெலிந்த தலைவர்

சென்ற தவணையிலே உயர்தர வகுப்பில் 1956ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், செல்வநாயகம் வேதக்காரர் எண்டு அம்மம்மா சொன்னவ. உண்மையே? அப்பிடியெண்டால் அந்தக் காலத்துச் சனம் அவருக்கு என்னெண்டு வோட்டுப் போட்டது?" என்று கேட்டான். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்த் திண்ணைகளிலும் வாசிகசாலைகளிலும் முதியோர் கேட்ட கேள்வியும் அதுவேயாகும். மணி அடித்துவிட்டமையால் அன்று சுருக்கமாகவே விடை சொல்ல முடிந்தது. சொல்லாது விட்டதை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1949ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையிலே, அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்திலே, இலங்கைத் தமிழரசுக் கட்சி தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவராகத் தெரிவானவர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். அன்று அவருக்கு வயது 51. தாய்க்கட்சியாகிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்குப் பாராளுமன்றப் பிரதிநிதிகள் சபையிலே 1947இல் கிடைத்த ஆசனங்கள் ஏழு. அவ்வெழுவருள் அவரோடு வெளியேறியவர் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம் ஒருவரே. செனற்றர் வைத்தியர் இ. மு. வி. நாகநாதனும் உடன் வந்தார். மூவரும் அவர்களோடு சில இளைஞர்களும் சேர்ந்து தொடங்கிய இக்கட்சி நான்கு ஆண்டுகள் தாங்குமோ என்று ஐயுற்றவர்கள் பலர். அவ்வாறு ஐயுற்றவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடல் தகாது. அவர்கள் ஐயுற நியாயமான காரணங்கள் இருந்தன.

தமிழர் அக்காலத்திலே தலைவர் என்றால் எத்தகையவரை எண்ணினர்? சேர் பொன்னம்பலம் இராமநாதனை எண்ணினர். அவர் தம்பியார் அருணாசலத்தை எண்ணினர். குடிப்பெருமை, சைவப் பற்று, செல்வம், ஆங்கிலேயரும் வியக்கும் நாவன்மை ஆகிய நான்கும் தலைமைக்கு இலக்கணமாய் அமைந்திருந்தன. அவர்களுக்குப் பின் வந்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவ்விலக்கணத்தின் உச்சியிலே நின்றார். எங்கள் வடமராட்சியைச் சேர்ந்த அல்வாயிலே பிறந்து, கேம்பிரிட்ஜிலே பயின்று, 1934இல் பருத்தித்துறைப் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றவர். 1939ஆம் ஆண்டு அச்சபையிலே அவர் ஆற்றிய பேருரை பத்து மணி நேரம் வரையில் நீண்டது என்பர். சோல்பரி ஆணைக்குழுவின் முன் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்னும் கோரிக்கையை வைத்து வாதாடியவரும் அவரே. குற்றவியல் வழக்குகளிலே ஜூரிமாரை மயக்கும் அப்புக்காத்து என்று பெயர் பெற்றவர். அவர் பேசுகின்றார் என்றால் வண்டில் கட்டிக்கொண்டு ஊர்கள் திரண்டு போகும்.

செல்வநாயகமோ இவ்வரிசையிலே சேராத மனிதர். 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்தவர். சிறு பிள்ளையாய்த் தெல்லிப்பழைக்குக் கொண்டுவரப்பட்டு, யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர்க் கல்கிசை பரி. தோமையார் கல்லூரியிலும் கற்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். நோயுற்ற சகோதரரைப் பார்க்க விடுமுறை கேட்டு, அது மறுக்கப்படவே, ஆசிரியப் பதவியையே துறந்துவிட்டார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. விடுமுறை விண்ணப்பங்களை நாள்தோறும் கையாளும் எனக்கு அவர் வாழ்க்கையிலே மிகவும் நினைவில் நிற்கும் செய்தி அதுதான். உரத்துச் சண்டையிடாமல், சொல்லிக் காட்டாமல், எழுந்து போய்விடும் அவர் இயல்பு அன்றே வெளிப்பட்டது. பின்னர்ச் சட்டம் பயின்று, கொழும்பிலே குடியியல் வழக்குகளில் முதல்வரிசை அப்புக்காத்தாக விளங்கினார். குடியியல் வழக்கறிஞருக்கு ஜூரிமார் முன்னே முழங்க வேண்டிய தேவையில்லை. உறுதியையும் சட்டப் புத்தகத்தையும் நீதிபதி முன் வைத்து, மெல்லப் பேசினாற் போதும். அந்த மெல்லிய குரலோடுதான் அவர் அரசியல் மேடைக்கு ஏறினார். பார்க்கின்சன் நோய் பிற்காலத்தில் அவர் உடலைப் பற்றியபோது அக்குரல் இன்னும் மெலிந்து, அருகில் இருப்போர்க்கும் கேளாத நிலையை அடைந்தது.

இவற்றோடு அவர் கிறிஸ்தவர். அவரைத் தெரிவுசெய்த காங்கேசன்துறைத் தொகுதியோ மாவிட்டபுரமும் கீரிமலையும் உள்ள சைவப் பெருநிலம்.

இத்தகைய ஒருவர், செல்வாக்கின் உச்சியிலிருந்த தலைவரை விட்டு ஏன் பிரிந்தார்? சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களிலே தலைமுறைகளாய் உழைத்த மக்களிற் பெரும்பாலோர் அதனால் நாடற்றோராயினர். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்த தேர்தற் சட்டத் திருத்தமும் தொடர்ந்தன. 1947இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசு 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாது போயிற்று. பொன்னம்பலம் 1948 செப்டம்பரிலே டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராய்ச் சேர்ந்திருந்தார். காங்கேசன்துறைச் சீமேந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை என்பவற்றின் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே எழும். அரசாங்கத்துள் இருந்தே தமிழருக்கு ஏதேனும் செய்யலாம் என்பது அவர் கட்சி. அதனை இழிவானது என்று நான் கூறமாட்டேன். செல்வநாயகத்தின் வாதம் வேறு. இன்று தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்பது அவர் வாதத்தின் சாரம். யாழ்ப்பாணத்தான் ஒருவன் மலையகத்துத் தொழிலாளிக்காகத் தன் கட்சியைப் பிளப்பான் என்பதைத் திண்ணைகள் நம்பவில்லை. நம் சமூகம் தோட்டத்து மக்களை எவ்வாறு நோக்கியது என்பதை அறிந்தவர்கள் அந்த நம்பாமையின் காரணத்தையும் அறிவர்.

அவர் முன்வைத்த கொள்கையும் புதியது. சமஷ்டி என்ற சொல்லையே நம்மூரார் அப்போதுதான் பழகத் தொடங்கினர். ஆனால் இலங்கைக்குச் சமஷ்டி வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களுள் ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பிய இளைஞராய் 1926இல் அவர் பத்திரிகையில் எழுதியும் யாழ்ப்பாணத்திலே விரிவுரை ஆற்றியும் அக்கருத்தைப் பரப்பினார். அடுத்த ஆண்டு கண்டிச் சிங்களவரின் தேசிய சபையும் அதனையே கோரியது. அன்று தமிழ்த் தலைவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் அவ்விதை தமிழ்க் கட்சி ஒன்றின் கையிலே முளைத்தபோது, விதைத்தவரே அதனை அஞ்சும் நிலையில் இருந்தார்.

1951 ஏப்ரலிலே திருகோணமலையில் முதலாவது தேசிய மாநாடு நடந்தது. யாழ்ப்பாணத்தில் நடத்தாமல் கிழக்கிலே நடத்தியதே ஒரு செய்தியாகும். யாழ்ப்பாணத்துத் தமிழன், மட்டக்களப்புத் தமிழன், மலையகத் தமிழன், தமிழ்பேசும் முஸ்லிம் என்று தனித்தனியே வாழ்ந்தவர்களை ஒரே பெயரில் அழைக்க இக்கட்சி முயன்றது. 'தமிழ்பேசும் மக்கள்' என்னும் தொடர் அரசியலிலே வேரூன்றியது அதன் பின்னரே.

பின் வந்தது 1952ஆம் ஆண்டுத் தேர்தல். டி. எஸ். சேனநாயக்கா மார்ச்சிலே காலமானார். மகனார் டட்லி பிரதமராகி உடனே தேர்தலை அறிவித்தார். காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்றவர் சு. நடேசபிள்ளை. இராமநாதனின் மருகர், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர், சைவ இலக்கியத்திலும் தமிழிலும் ஆழ்ந்த புலமை வாய்ந்தவர், மேடையிலே தமிழ் பொழிபவர். முன்னே நான் கூறிய தலைமை இலக்கணம் முழுவதும் பொருந்திய பெருமகன். அவரோ தஞ்சை நாட்டிலே பிறந்தவர். இந்தியாவிலிருந்து வந்தோரின் குடியுரிமைக்காகத் தம் பதவியைப் பணயம் வைத்தவரை, இந்தியாவிலே பிறந்த பெரியார் ஒருவரைக் கொண்டு யாழ்ப்பாணம் தோற்கடித்தது. வரலாறு இத்தகைய வேடிக்கைகளைச் செய்து பார்ப்பதுண்டு.

அத்தேர்தலிலே சமயம் பேசப்பட்டது. சைவத் தொகுதிக்கு வேதக்காரன் பிரதிநிதியா என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. எங்கள் பேரனார் அக்காலத்திலே இளைஞர். பொன்னம்பலத்தாரின் அடியார் என்றே அவரைச் சொல்லலாம். நான் சிறுவனாயிருந்தபோது அவர் சொல்லக் கேட்டதுண்டு: "அந்தாள் மேடையிலே வாய் திறந்தால் முன்வாங்கிலை இருக்கிறவனுக்கும் கேக்காது. கேக்காத பேச்சுக்கு ஆர் மோனை வோட்டுப் போடுவான்?" சமயத்தைக் காட்டிலும் அவருக்குக் குரல்தான் பெரிய குறையாகப் பட்டது. எங்கள் உடுப்பிட்டியிலே அமெரிக்க மிஷன் பாடசாலைகளிற் படித்துத் திருநீற்றோடு வீடு திரும்பிய தலைமுறை அவருடையது. கிறிஸ்தவ ஆசிரியரை அவர்கள் அறிவர், மதிப்பர். ஆனால் ஆசிரியராய் ஏற்பதற்கும் தலைவராய் ஏற்பதற்கும் இடையே தூரம் இருந்தது.

செல்வநாயகம் தோற்றார். கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமுமாக இருவரே வென்றனர். காங்கிரசுக்கு நான்கு ஆசனங்கள் கிடைத்தன. தலைவரே ஆசனமிழந்து நிற்கும் கட்சிக்கு எதிர்காலம் உண்டோ என்று யாரேனும் அன்று பந்தயம் வைத்திருந்தால், இல்லை என்ற பக்கத்திலேதான் அறிவுள்ளவர்கள் பணம் வைத்திருப்பார்கள்.

இவ்விடத்திலே அயர்லாந்தை நினைத்துப் பார்க்கலாம். கத்தோலிக்க விவசாயிகளின் நாடாகிய அயர்லாந்திலே, 1880இல் ஐரிஷ் கட்சியின் தலைமையை ஏற்றவர் சார்ல்ஸ் ஸ்டுவாட் பார்னல். அவர் புரட்டஸ்தாந்தர், நிலப்பிரபு, ஆங்கிலப் பள்ளிப் பயிற்சி பெற்றவர். பேச்சிலே தொடக்கத்தில் தடுமாறியவர். நிலக்கிழாருக்கு எதிராகக் கிளர்ந்த குடியானவர்கள் நிலக்கிழார் ஒருவரையே தலைவராக்கினர். ஏன்? அவர் விலை போகமாட்டார் என்று நம்பினர். இலண்டன் பாராளுமன்றத்து விருந்துகளிலே மயங்கிப்போன நாவலர்களை அவர்கள் முன்னரே பார்த்துச் சலித்திருந்தனர். பத்து ஆண்டுகள் பார்னலின் கட்சி ஒரு மனிதனைப்போல் எழுந்து ஒரு மனிதனைப்போல் வாக்களித்தது. 1890இல் விவாகரத்து வழக்கொன்றினால் அவர் பெயர் கெட்டபோது கட்சியும் இரண்டாய்ப் பிளந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். மக்களிலிருந்து வேறுபட்ட தலைவர் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வாறு என்பதையும், அந்நம்பிக்கை முழுவதும் ஒரே மனிதரிலே தங்கியிருத்தலின் ஆபத்து யாது என்பதையும் அவ்வரலாற்றிலே ஒருங்கே காணலாம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் கதைக்கு மீள்வோம்.

தோல்விக்குப்பின் செல்வநாயகம் செய்தது என்ன? செய்யாமல் விட்டதை முதலிற் சொல்ல வேண்டும். அமைச்சர் பதவி தேடிச் சமரசம் செய்யவில்லை. கொள்கையின் பெயரை மாற்றவில்லை. தம்மைச் சைவராகவும் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய எதிரிகளும் ஒப்பும் செய்தி இது. கொழும்பிலே வழக்குப் பேசி ஈட்டியதைக் கட்சிக்குச் செலவிட்டார். 1947இல் அவர் தொடங்கிய 'சுதந்திரன்' பத்திரிகை, குரலில்லாத தலைவருக்குக் குரலாயிற்று. மேடைக்கு வேண்டிய நாவன்மையை இளைஞர்கள் தந்தார்கள். அ. அமிர்தலிங்கம், மட்டக்களப்பின் செ. இராசதுரை போன்றோர் மணிக்கணக்கிலே முழங்க, தலைவர் நடுவே அமர்ந்திருப்பார். ஈற்றிலே சில வசனங்கள் சொல்வார். கூட்டம் மூச்சடக்கிக் கேட்கும். கேளாத குரலைக் கேட்பதற்காக ஊரே மௌனமாகும் பழக்கம் இவ்வாறு உண்டாயிற்று. எங்கள் பேரனாரும் பிற்காலத்திலே அக்கூட்டங்களுக்குச் சென்று அம்மௌனத்திலே நின்றவர்தாம். ஆயினும் தம் பழைய கூற்றை அவர் மீளப் பெற்றதில்லை.

எனினும் கட்சியைத் தூக்கி நிறுத்தியது தலைவரின் குணம் மாத்திரமன்று. காலமும் துணை நின்றது. 1954இலே பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை யாழ்ப்பாணம் வந்தார். கொக்குவில் இந்துக் கல்லூரியிலே நடந்த வரவேற்பில், அக்கல்லூரியின் அதிபரும் பழைய வாலிபர் காங்கிரசின் முதல்வருமான ஹன்டி பேரின்பநாயகம், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்க வேண்டும் என்று கேட்டார். பிரதமர் உடன்பட்டார். அவ்வொரு வாக்குறுதி தெற்கிலே பெரும் புயலைக் கிளப்பிவிட்டது. பாடசாலை அதிபர் ஒருவர் வரவேற்பு மேடையிலே கேட்ட கேள்வி ஓர் அரசாங்கத்தையே ஆட்டியது! இக்காலத்தில் வரவேற்பு மேடைகளில் நாங்கள் கட்டடமும் தளபாடமும் கேட்பதோடு நின்றுவிடுகின்றோம். 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டிலே ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச்சிங்களக் கொள்கைக்குத் திரும்பியது. அக்கட்சியை நம்பி நின்ற தமிழ்ப் பிரமுகர்களின் காலடி நிலம் சரிந்தது. செல்வநாயகம் 1949இல் விடுத்த எச்சரிக்கையை அப்போதுதான் மக்கள் நினைவுகூர்ந்தனர்.

1956 ஏப்ரல் தேர்தலிலே தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைக் கைப்பற்றியது. காங்கேசன்துறை மீண்டும் செல்வநாயகத்துக்கே கிடைத்தது. கிழக்கிலே முஸ்லிம் உறுப்பினர்களும் இக்கட்சியின் பெயரில் வென்றனர். காங்கிரசின் சார்பிலே யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் ஒருவரே எஞ்சினார். பருத்தித்துறையோ இரு கட்சிகளையும் தள்ளிவிட்டுப் பொதுவுடைமைவாதியாகிய பொன். கந்தையாவைத் தெரிவுசெய்தது. வடமராட்சியார் எப்போதும் சற்றே வேறு வழியிற் போவோர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை, விரித்துரையேன். ஜூன் 5ஆம் நாள் சிங்களம் மட்டும் மசோதா சபைக்கு வந்தபோது காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டனர். அமிர்தலிங்கம் காயக் கட்டோடு பாராளுமன்றத்துட் சென்றார். ஓகஸ்டிலே பல ஊர்களிலிருந்தும் மக்கள் திருகோணமலைக்கு யாத்திரையாய் நடந்தனர். அம்மாநாடு சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையகத்தார் குடியுரிமை, குடியேற்றத் திட்டங்களை நிறுத்துதல் என்பவற்றைக் கோரி அரசாங்கத்துக்கு ஓராண்டுத் தவணை விதித்தது. தவணை முடியுமுன், 1957 ஜூலை 26இல், பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1926இல் சமஷ்டி பேசியவரும் 1949இல் சமஷ்டிக் கட்சி கண்டவரும் ஒரே மேசையில் அமர்ந்து, சமஷ்டியிலும் குறைந்த பிரதேச சபைகளுக்கு உடன்பட்டனர்.

இந்த இடத்திலே செல்வநாயகத்தின் தலைமையை நிறுத்துப் பார்க்க வேண்டும். அவர் ஒப்பந்தத்தை நம்பினார். குடியியல் வழக்கறிஞருக்குக் கைச்சாத்து என்பது புனிதமான பொருள். கைச்சாத்திட்டவன் தன் சொல்லைக் காப்பான் என்பதே அவர் தொழிலின் அடிப்படை. ஆனால் பாராளுமன்றத்திலே பெரும்பான்மையாளரின் கைச்சாத்தை நிறைவேற்றுவிக்கும் நீதிமன்றம் எங்கேயிருக்கின்றது? 1958 ஏப்ரல் 9ஆம் நாள், பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்திருக்க, அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம். ஏழாண்டு கழித்து 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவோடு மீண்டும் ஓர் ஒப்பந்தம். இம்முறை மாவட்ட சபைகள். கட்சியின் சார்பிலே மு. திருச்செல்வம் அமைச்சரானார், செல்வநாயகம் பதவி ஏற்கவில்லை. அதுவும் 1968இலே கைவிடப்பட்டது. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறையும் ஏமாந்தது பலவீனமா, அன்றிப் பெருந்தன்மையா? என் மாணவர்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. ஆண்டுதோறும் வகுப்பு இரண்டாய்ப் பிரிகின்றது. என் கருத்தைக் கேட்டால், முதல் ஒப்பந்தத்தில் அவர்மீது குறை காண்பதற்கில்லை என்பேன். இரண்டாவதில், உறுதிமொழிக்கு ஈடு எதுவும் பெறாமல் ஆட்சிக்குத் தோள் கொடுத்ததை அரசியற் பிழை என்றே கருதுகின்றேன். இடையிலே 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னே பெப்ரவரி 20 தொடக்கம் வாரக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகம் நிருவாகத்தையே முடக்கியிருந்தது. ஏப்ரலிலே கட்சி தனி அஞ்சற் சேவையும் நடத்தியது. அவசரகாலச் சட்டம் வந்து தலைவர்கள் பனாகொடை முகாமிலே தடுத்துவைக்கப்பட்டனர். அத்துணை மக்கள் ஆற்றலை ஒருங்கு கண்ட கட்சி, நான்கு ஆண்டுகளுக்குப்பின் அதனைக் கொண்டு பேரம் பேசத் தெரியாமல் நின்றது.

இன்னொரு குறையும் உண்டு. அதனை மறைத்துப் பேசினால் இவ்வுரை நேர்மையாகாது. 1968இல் மாவிட்டபுரத்திலே, ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயத்துட் செல்ல உரிமை கேட்டுப் போராடினர். அது செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதி. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது கட்சியின் கொள்கை. ஆயினும் தலைவர் களத்தில் முன்னிற்கவில்லை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. சைவக் கோயிலின் வாயிலிலே கிறிஸ்தவர் எவ்வாறு கட்டளையிடுவது என்ற தயக்கம் அவரைத் தடுத்திருக்கலாம் என்று நான் எண்ணுகின்றேன். 1952இலே அவருக்கெதிராக வீசப்பட்ட கல், 1968இலும் அவர் காலை இடறியது. வழமைக்கு மாறான தலைவரை ஏற்றுக்கொண்டோம் என்று நாம் பெருமை பேசுவோமாயின், அவ்வேற்பிற்கு நாம் இட்ட எல்லைக்கோட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

எங்கள் தொகுதியின் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1960 மார்ச்சிலே உடுப்பிட்டி முதன்முதலாகத் தன் உறுப்பினரைத் தெரிவு செய்தது. செல்வநாயகத்தின் செல்வாக்கு வடக்கெங்கும் ஓங்கியிருந்த அக்காலத்திலும், உடுப்பிட்டி மு. சிவசிதம்பரம் அவர்களையே அனுப்பியது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பியது. ஆஜானுபாகுவான தோற்றமும் கம்பீரமான பேச்சும் வாய்ந்த அவர், தமிழ்க் காங்கிரசின் தூண்களுள் ஒருவர். 1968 முதல் 1970 வரையில் சபையின் உப சபாநாயகராகவும் விளங்கினார். பழைய தலைமை இலக்கணத்தை எங்கள் ஊர் இலேசிலே கைவிடவில்லை. 1970இலேதான் தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடி இங்கே வென்றார். அதே தேர்தலிலே பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் தோற்றார். தமிழரசின் அமிர்தலிங்கமும் நாகநாதனுங்கூடத் தத்தம் தொகுதிகளை இழந்தனர்.

1972 மே மாதத்திலே, புதிய குடியரசு யாப்பு வருவதற்குச் சில நாள் முன்னர், தமிழரசும் காங்கிரசும் பிறவும் தமிழர் கூட்டணியாய் இணைந்தன. அவ்யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை நிரூபிப்பதற்காகச் செல்வநாயகம் அக்டோபரிலே தம் ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் வைக்குமாறு அறைகூவினார். அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல் நடத்தியது. 76 வயது முதியவர். நடக்கக் கைத்தாங்கல் வேண்டும். பேச்சைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்கு விழுந்த வாக்குகள் 25,927. எதிர்த்து நின்ற பொதுவுடைமைவாதி வ. பொன்னம்பலத்துக்கு 9,457. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் சமயத்தைச் சொல்லித் தோற்கடித்த அதே காங்கேசன்துறை அது.

அவ்வெற்றியிலே அடுத்த சோதனையின் விதையும் இருந்தது. கட்சி முழுவதும் அம்முதியவரின் பெயரிலே தங்கிவிட்டது. பொறுமை போதும் என்று கூறிய இளைஞர்களும் அவர் முகத்துக்காக அடங்கியிருந்தனர். 1976 மே 14இல் வட்டுக்கோட்டை மாநாடு சமஷ்டியை விட்டுத் தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1977 ஏப்ரல் 26இல் அவர் மறைந்தார். மூன்று மாதத்தின்பின் வந்த தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அத்தேர்தலிலே சிவசிதம்பரம் நல்லூருக்குச் சென்றார். உடுப்பிட்டியிலே கூட்டணி நிறுத்தியவர் த. இராசலிங்கம், கோயில் வாயில்களிலே தடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். அவர் வென்றார். குரல், குடி, சமயம் என்று இலக்கணம் பார்த்த எங்கள் ஊர் அன்று அவருக்கு வாக்களித்தது. நான் அப்போது சிறுவன். பேரனார் வெள்ளை வேட்டி உடுத்து வாக்குச் சாவடிக்குப் போனதை மாத்திரம் நினைவிற் கொண்டுள்ளேன். யாருக்கு இட்டார் என்று அவர் சொல்லவுமில்லை. கேட்கும் துணிவு வீட்டிலே எவருக்கும் இருக்கவுமில்லை.

அக்கட்சியின் பிற்காலம் தனியே ஓர் உரைக்கு உரியது. 2024 ஜனவரியிலே, அதே திருகோணமலையிலே, தமிழரசுக் கட்சியின் வரலாற்றில் முதற்றடவையாகத் தலைமைக்குப் போட்டி வாக்கெடுப்பு நடந்தது. 184 வாக்குகள் ஒருவருக்கும் 137 வாக்குகள் மற்றவருக்கும் கிடைத்தன. தொடர்ந்து வழக்குகள் வந்தன. வாக்கெடுப்பே தேவைப்படாத அளவுக்கு ஒருவர்மேல் எல்லாரும் நம்பிக்கை வைத்திருந்த காலத்தை எண்ணி ஏங்குவோர் உளர். அக்காலத்திலேயே வாக்கெடுத்துப் பழகியிருக்க வேண்டும் என்று கருதுவோரும் உளர். நான் இரண்டாவது சாரார் பக்கம்.

மாணவனின் கேள்விக்கு மீள்கின்றேன். 1976ஆம் ஆண்டு, கூட்டணித் தலைவர்கள்மேல் அரசாங்கம் கொழும்பிலே நீதிபதிகள் மூவர் முன் வழக்குத் தொடுத்தது. குற்றக் கூண்டிலே அமிர்தலிங்கமும் வேறு சிலரும் நின்றனர். அவர்களுக்காகத் திரண்ட தமிழ்ச் சட்டத்தரணிகளின் முன்வரிசையிலே இரு முதியவர்கள் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் ஜி. ஜி. பொன்னம்பலம், மற்றவர் செல்வநாயகம். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள் ஒரே பக்கத்திலே தோன்றினர். வாதாட வேண்டிய இடத்திலே, வழக்கம்போல, பொன்னம்பலத்தின் குரல் மன்றத்தை நிறைத்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே அவர் மலேசியாவிற் காலமானார். அந்நாட்டிலே பிறந்த செல்வநாயகம் ஏப்ரலிலே யாழ்ப்பாணத்திற் காலமானார்.